கடைசி ஆள் வர்றேன்

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. ஞானக் கதைகளில் இது தலைகீழாக இருப்பதுதான் வழக்கம். என்ன செய்வது, வைரவனுக்கு வாய்த்த குரு அப்படி.

குருவின் பெயர் ஜெசிந்தா. கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. மழை ஓய்ந்து தை பிறந்ததும், வருஷா வருஷம் மேலக்கழிக் கடற்கரையில் ஒரு நெடுந்தூர ஓட்டம் நடத்துவார். கொஞ்ச தூரம் மணல், அப்புறம் உப்பளத்து வரப்பு, அப்புறம் அலையாத்திக் காட்டுச் சேறு, அதைத் தாண்டினால் ஓர் உப்பாறு, மறுபடி மணல். மாதா கோயில் மைதானத்தில் காற்றடைத்த பெரிய வளைவு ஒன்று நிற்கும். அதற்குள் நுழைந்தால் ஓட்டம் முடிந்தது.

வைரவனுக்குப் பட்டுக்கோட்டையில் பாத்திரக்கடை. சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடக்கப் போனவர் ஓட ஆரம்பித்துவிட்டார். பூங்காவைச் சுற்றி ஓடினோமா, வீட்டுக்கு வந்து கேழ்வரகுக் கூழ் குடித்தோமா என்று இருந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது? மூன்று வருஷமாக மேலக்கழிக்கு வருகிறார். மூன்று வருஷமும் காட்டுச் சேற்றில் நேரம் போய், உப்பாற்றங்கரையில் அவரை நிறுத்தி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

ஜீப்பில் வந்து இறங்குவதுகூடப் பெரிதில்லை. அதைப் பார்க்க வளைவுக்குப் பக்கத்தில் மனைவி வள்ளியம்மையும் மைத்துனர் சொக்கலிங்கமும் நிற்பார்கள். "என்ன அயித்தான், இந்த வருஷமும் பெட்ரோல்லதான் ஓடுனிகளா?" என்று மைத்துனர் கேட்பார். வள்ளியம்மை சிரிக்க மாட்டார். துண்டை மட்டும் நீட்டுவார். அதுதான் வைரவனுக்குத் தாங்காது.

நான்காவது வருஷம், ஓட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், வைரவன் குருவின் எதிரில் போய் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"இந்த வருஷமாவது நான் முடிப்பனா?"

ஜெசிந்தா மேசைக்கு அடியில் குனிந்து ஒரு துணிப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பைக்குள் ஒன்றும் இல்லை.

"என்ன டீச்சர் இது?"

"ரிப்பன் போடுற பை. கடைசி ஆளா வர வேண்டியவருக்குக் காய்ச்சல். நாளைக்கு நீங்கதான் கடைசி ஆள்."

வழி தெரிவதற்காகக் காடு முழுக்க மரத்துக்கு மரம் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருப்பார்கள். ஓடுகிறவர்கள் எல்லாரும் போன பிறகு, கடைசியில் ஒருவர் அவற்றை அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். காட்டில் ஒரு ரிப்பன்கூடத் தங்கக் கூடாது. அவர்தான் கடைசி ஆள். ஓட்டக்காரர்கள் அவரை ஸ்வீப்பர் என்பார்கள். இது மட்டும் சொக்கலிங்கம் காதில் விழுந்தால் ஆயுசுக்கும் போதும்.

வைரவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் ஓட வந்தவன் டீச்சர்."

"கடைசி ஆளும் ஓடணும்ண்ணே. எல்லாரும் ஓடுற அதே தூரம்."

"நேரம் போடுவாங்களா?"

"போட மாட்டாங்க. ஆனா கடைசி ஆளை யாரும் நிறுத்தி ஜீப்புல ஏத்த மாட்டாங்க."

வைரவன் யோசித்தார். இது நல்ல சங்கதியாக இருக்கிறதே என்று பட்டது. ஆற்றங்கரையில் மறிக்க ஆள் இல்லை. சொந்தக் காலில் மைதானத்துக்கு வரலாம். வளைவுக்குள் நுழைவதை வள்ளியம்மை பார்ப்பார். அப்புறம் யார் என்ன பேர் வைத்தால் என்ன?

"வளைவு எவ்வளவு நேரம் டீச்சர் இருக்கும்?"

"ஆறு மணிக்குக் காத்தைப் புடுங்கிருவாங்க. வாடகைச் சாமான். அதுக்குள்ள வந்துருங்க."

"வந்துர்றேன்."

"ஒண்ணேஒண்ணு. ரிப்பனை அவுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சத்தமா கூப்பிடணும். ‘கடைசி ஆள் வர்றேன், யாராச்சும் இருக்கீங்களா’ன்னு. கூப்பிட்டுட்டுக் கொஞ்சம் நிக்கணும். அப்புறந்தான் முடிச்சுல கை வைக்கணும்."

"பதில் வருமா?"

"வராது."

"வராதுன்னு தெரிஞ்சும் எதுக்கு டீச்சர் கூப்பிடணும்?"

"கூப்பிடுங்கண்ணே," என்றார் ஜெசிந்தா. அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் எல்லாரும் புறப்பட்டுப் போனார்கள். வைரவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அவருக்கு முன்னால் வக்கீல் இன்னாசிமுத்து போய்க்கொண்டிருந்தார். கனத்த சரீரம். பத்து எட்டு ஓடுவார், நூறு எட்டு நடப்பார், நடக்கும்போதெல்லாம் திட்டுவார். மணலைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், இதில் பேர் கொடுக்கச் சொன்ன தன் ஜூனியரைத் திட்டினார். கடைசி ஆள் அவரைத் தாண்டக் கூடாது. வைரவன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

மதியம் திரும்பியதும் காடு வந்தது. அலையாத்தி மரங்கள் நெருங்கி நிற்க, சேற்றுக்குள்ளிருந்து மூச்சுவேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. முதல் ரிப்பன் கண்ணில் பட்டது.

வைரவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கூப்பிடுவது என்பது அவருக்கு வராத வேலை. கடைவாசலில் நின்று, வாங்க வாங்க என்று ஆள் பிடிக்கிறவர்களைக் கண்டாலே பிடிக்காது. வேண்டியவன் தானே வருவான் என்பது அவர் அப்பா காலத்திலிருந்து கடையில் உள்ள பழக்கம்.

"கடைசி ஆள் வர்றேன்... யாராச்சும் இருக்கீங்களா?"

முன்னால் போன வக்கீல் திரும்பிப் பார்த்தார். "நான்தான்யா இருக்கேன். என் முதுகு தெரியலையா?"

வைரவனுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த ரிப்பனில் பாதிக் குரலில் கூப்பிட்டார். அதற்கடுத்ததில் முணுமுணுத்தார். ஒரு நாரை எழுந்து பறந்ததைத் தவிர எந்தப் பதிலும் இல்லை. கூப்பிட்டு, நின்று, அவிழ்த்து, மறுபடி கூப்பிட்டு, நின்று என்றால் எப்போது போய்ச் சேர்வது? வெயில் வேறு சாயத் தொடங்கியது. வளைவும் ஆறு மணியும் அவர் மண்டைக்குள் ஓட ஆரம்பித்தன.

கூப்பிடுவதை விட்டார். அவிழ்ப்பதும் போடுவதுமாகக் கை வேகமாக ஓடியது. சில முடிச்சுகள் இறுகியிருந்தன. அங்கே மட்டும் நின்று நகத்தால் நெம்பினார். வாய் திறக்கவில்லை.

உப்பாற்றங்கரைக்கு வந்தபோது பை பிதுங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் கரையில் உட்கார்ந்து மோரைக் குடித்துக்கொண்டே மோரையும் திட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அங்கே நின்றிருந்தார். மணி நாலரை. இனி மணல்தான். தாராளமாகப் போய்விடலாம். வைரவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"டீச்சர், வந்துட்டேன் பாத்தீங்களா!"

ஜெசிந்தா அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"தையல்நாயகி எங்கண்ணே?"

"யாரு?"

"நீலச் சட்டை போட்டிருந்தாங்க. திருவாரூர்க்காரங்க. இன்னும் இந்தக் கரைக்கு வரல."

"எனக்கு முன்னாடி வக்கீல் சார் மட்டுந்தான் டீச்சர். வழியில யாரையும் பாக்கலயே."

"கூப்பிட்டீங்களா?"

வைரவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். காட்டுக்குள் இருந்த வழி முழுதும் அந்தப் பைக்குள் இருந்தது.

"முதல்ல கூப்பிட்டேன்," என்றார். "அப்புறம் விட்டுட்டேன்."

ஜெசிந்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் வைரவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கரையில் இருந்த படகுக்காரரைக் கழிப்பக்கமாகச் சுற்றிப் போய்த் தேடச் சொன்னார். சாயங்காலம் கடல் தண்ணீர் காட்டுக்குள் ஏறும். இங்கே எல்லாருக்கும் அது தெரியும். பிறகு திரும்பி வந்து, வைரவன் தோளிலிருந்த பையைக் கழற்றி, வாயைப் பிரித்து, மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார்.

"எங்கெங்க அவுத்தீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். கட்டிக்கிட்டே போங்க."

வைரவன் திரும்பிக் காட்டுக்குள் நடந்தார். மைதானம் இருந்த பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு பார்க்கவில்லை.

முதல் மரத்தில் ரிப்பனைக் கட்டினார்.

"கடைசி ஆள் வர்றேன்! யாராச்சும் இருக்கீங்களா?"

பதில் இல்லை. நின்றார். அடுத்த மரத்துக்குப் போனார். கட்டினார், கூப்பிட்டார், நின்றார். அவிழ்க்கும்போது எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. இப்போது தேடும்போது ஒவ்வொன்றும் வேறாக இருந்தது. இது வளைந்த மரம், இது முடிச்சு இறுகிய மரம், இது வக்கீல் சாய்ந்து நின்று திட்டிய மரம். தண்ணீர் மூச்சுவேர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் ஊர்ந்து வந்தது. பாட்டுக்கும் ஏறாத குரல் அவருடையது. கத்திக் கத்தி அது கட்டிப்போயிற்று. வைரவன் பயந்தார். தனக்காக இல்லை. யாரோ முகம் தெரியாத ஒருத்தருடைய வீட்டில் இப்போது அடுப்பு மூட்டியிருப்பார்கள், அம்மா வந்துவிடுவாள் என்று இருப்பார்கள் என்கிற நினைப்பு அவரை விடவில்லை.

"தங்கச்சீ! இருக்கீங்களா?"

நின்றார்.

"இங்க..." என்றது ஒரு குரல். இடது பக்கம், வழியை விட்டு வெகுதூரம் தள்ளி.

தையல்நாயகி தொடைவரை சேற்றில் புதைந்திருந்தார். இரண்டு கையாலும் ஒரு கிளையைக் கட்டிப் பிடித்திருந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. காலை இழுக்க இழுக்கச் சேறு இன்னும் உள்ளே வாங்கியது.

"இழுக்காதீங்க தங்கச்சி. அப்படியே மல்லாக்கச் சாயுங்க."

"முங்கிருவேன் சார்."

"முங்க மாட்டீங்க. நான் புடிச்சுக்கிறேன்."

சேற்றில் மாட்டினால் நிற்காதீர்கள், படுத்துவிடுங்கள் என்று மூன்று வருஷமாக ஜெசிந்தா சொல்லிக்கொடுத்ததுதான். வைரவன் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. சட்டை வீணாகும், நேரம் வீணாகும் என்று நின்றுகொண்டே முட்டிமோதுவார். இன்று தடாலென்று குப்புற விழுந்து சேற்றில் மார்பால் ஊர்ந்து போனார். அந்தப் பெண்ணின் தோளைத் தாங்கி மல்லாத்தினார். ஒரு கால் மெல்ல வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. ஷூ இரண்டும் வரவில்லை. போகட்டும்.

வேர்த்திட்டில் ஏறி உட்கார்ந்ததும் தையல்நாயகி அழுதார். வைரவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

"வழி தப்பிட்டீங்களா தங்கச்சி?"

"இல்ல சார்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அவசரத்துக்கு ஒதுங்கினேன். ஆம்பளைங்க எல்லாம் தாண்டிப் போகட்டும்னுதான் இவ்வளவு நேரம் பொறுத்திருந்தேன். ஒதுங்கின பிறகு பாத்தா நீங்க வர்றீங்க. ஒவ்வொரு மரத்துகிட்டயும் நிக்கிறீங்க. பேச்சும் இல்ல, மூச்சும் இல்ல. போவீங்க போவீங்கன்னு பாத்தேன். போகல. எனக்குப் பயமாப் போச்சு. இன்னும் உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன்."

"ரிப்பன் அவுத்தேம்மா."

"எனக்கு என்ன சார் தெரியும்? அப்புறம் வந்து பாத்தா ஒரு ரிப்பனும் இல்ல. எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல."

வைரவன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு முடிச்சு இறுகியிருந்த இடத்தில் நகத்தால் நெம்பிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. தன் பாட்டுக்கு நிற்கிறோம் என்றுதான் நினைத்தார். ஒரு பெண் பிள்ளை அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்பது அவருக்குச் சாட்டையடி மாதிரி இருந்தது.

"நான் கூப்பிட்டிருந்தா பதில் சொல்லியிருப்பீங்களா?"

"அந்த நேரத்துல எந்தப் பொம்பளை சார் பதில் சொல்லுவா? வாயைத் தெறக்க மாட்டேன்." தையல்நாயகி சேலைத் தலைப்பைத் தேடுகிற பழக்கத்தில் கையை உயர்த்தி, இல்லாததால் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா கடைசி ஆள்னு தெரிஞ்சிருக்கும். பின்னாடியே ஓடி வந்திருப்பேன்."

இரண்டு பேரும் எழுந்தார்கள். வைரவன் கட்டிவிட்டு வந்த ரிப்பன்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. தையல்நாயகி வெறுங்காலோடு முன்னால் நடந்தார். மரத்துக்கு மரம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் வைரவன் ரிப்பனை அவிழ்த்தார். அவிழ்க்கும் முன், உடைந்த குரலில் கூப்பிட்டார்.

"கடைசி ஆள் வர்றேன்! யாராச்சும் இருக்கீங்களா?"

தையல்நாயகி திரும்பிப் பார்த்தார். அடுத்த மரத்திலும் வைரவன் கூப்பிட்டார். அதற்கடுத்ததிலும் கூப்பிட்டார். அவ்வளவு அசதியிலும் தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னைத்தான் கண்டுபிடிச்சாச்சே சார். இனி யாரு இருக்கா?"

"தெரியாதும்மா," என்றார் வைரவன். கூப்பிட்டு, நின்று, பிறகுதான் முடிச்சில் கை வைத்தார்.

காட்டை விட்டு வெளியே வந்தபோது சூரியன் கழித் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. உப்பாற்றங்கரையில் வக்கீல் இல்லை. படகு வெறுமனே கட்டிக் கிடந்தது. படகுக்காரர் அதன் விளிம்பில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா மட்டும் முழங்கால் தண்ணீரில் காட்டைப் பார்த்து நின்றிருந்தார்.

அவர்களைக் கண்டதும் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து தையல்நாயகியைக் கட்டிக்கொண்டார்.

படகுக்காரர் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வளைவு?" என்றார் வைரவன்.

"காத்தைப் புடுங்கிட்டாங்கண்ணே."

"வீட்ல?"

"அண்ணி போகலை. அங்கதான் நிக்கிறாங்க. உங்க மச்சான் ஜீப்பு தேடிக்கிட்டு இருக்காராம்."

வைரவனுக்குச் சிரிப்பு வந்தது. சேறு காய்ந்த முகத்தில் அது வலித்தது. தோளிலிருந்த பையைக் கழற்றிக் குருவிடம் நீட்டினார். ஜெசிந்தா வாங்கிக்கொண்டார். பிரித்துப் பார்க்கவில்லை.

"டீச்சர், முதல்ல நான் கூப்பிடலை. தப்பு. அதுக்கு நீங்க என்ன சொன்னாலும் தகும்."

ஜெசிந்தா பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார்.

"ஆனா திரும்பி வரும்போது பூராவும் கூப்பிட்டுக்கிட்டே வந்தேன். இந்தத் தங்கச்சி சிரிக்குது. எனக்கும் சொல்லத் தெரியல. காடு காலியாத்தான் கெடந்துச்சு. ஒரு பதில் வரல. அவ்வளவு தூரம் நான் யாரைக் கூப்பிட்டேன்?"

ஜெசிந்தா வெறுமனே திரும்பி வந்திருந்த படகைப் பார்த்தார். பிறகு தன் சீடரைப் பார்த்தார்.

"எனக்குக் கேட்டுச்சுண்ணே."